கோத்தகிரிக்கு வெந்நீர்

அன்புள்ள செல்வராசு,

கோத்தகிரி வீட்டில் பால் காய்ச்சியாயிற்று என்று உன் தம்பி சொன்னான். முட்டிவலியோடு மலையேறக் கூடாதென்று டாக்டர் தடுத்துவிட்டார், இல்லாவிட்டால் முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பேன். தங்கச்சிக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

தொட்டி இல்லாத கீசர் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் கீசர். கரண்டில் ஓடும் இன்ஸ்டன்ட் கீசர் கோவைக்குச் சரி, உங்கள் ஊருக்குக் காணாது. 3 கிலோவாட் கீசர் இங்கே 25 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்றி, 15 லிட்டர் வாளியை ஐந்து நிமிஷத்தில் நிரப்பும். மார்கழியில் உன் மேல்தொட்டித் தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கினால் அதே வாளிக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஷவரை மறந்துவிடு. நிமிஷத்துக்கு 6 லிட்டர் என்று விற்கும் கேஸ் கீசரின் சூடு 10 கிலோவாட்டுக்கு மேல். அந்தக் குளிரிலும் ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் முந்நூறு வாளி தேறும்.

ஆனால் ஒன்று. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதே. பிளம்பர் "எல்லாரும் உள்ளேதான் சார் வைக்கிறாங்க" என்பார். குழாய் மிச்சமாகும், அவருக்கு வேலை சுளுவு. குளிருக்குப் பயந்து நீங்கள் ஜன்னலை இறுகச் சாத்துவீர்கள். உள்ளே ஆக்சிஜன் குறையக் குறையக் கேஸ் அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நாற்றத்தைச் சேர்த்தே அனுப்புகிறார்கள். இந்த விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவான். போதாததற்கு உங்கள் ஊர் 1,800 மீட்டர் வாக்கில் இருக்கிறது, காற்றே மெலிசு. அந்த உயரத்துக்குத் தோதான மாடல்தானா என்று கடையில் கேட்டு வாங்கு.

வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, மழைச்சாரல் படாத இடமாகப் பார். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சள் தட்டினால் உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடு.

அப்புறம், மேல்தொட்டி உயரம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் உள்ளேயிருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளினால்தான் கேஸ் வால்வு திறக்கும். மாடிக் குளியலறை தொட்டிக்கு நேர் கீழே இருந்தால் அந்த அழுத்தம் பற்றாது, குட்டி பம்பு ஒன்று வேண்டியிருக்கும். டிக் டிக்கென்று சத்தம் மட்டும் வந்து சுடர் பற்றாமல் போனால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார். எங்கள் போர்த் தண்ணீரில் செம்புச் சுருளுக்குள் உப்புப் படிந்துகொண்டே இருக்கிறது, வருஷா வருஷம் கழுவ வேண்டும். உங்கள் ஊற்றுத் தண்ணீருக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது.

அம்மா காலத்துச் செம்பு பாய்லர் எங்கள் வீட்டுப் பரணில் சும்மாதான் கிடக்கிறது. வேண்டுமானால் தம்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன். விறகு உங்களுக்குப் பஞ்சமில்லையே.

அன்புடன்,
ராமசாமி