கொடி அடுப்பையும் கவலை இறைப்பையும் பிள்ளைகள் கேட்டு அறியட்டும்

கொங்கு நாட்டுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அதையொட்டி நடக்கும் பேச்சுப் போட்டிகளில் எல்.இ.டி. விளக்கைப் பற்றியும் மின்விசிறியை அணைப்பது பற்றியும் பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள். அந்த மேடையில் உள்ளூர்ப் பாட்டிகளையும் தாத்தாக்களையும் உட்கார வைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள் என்று வேண்டத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் கொடி அடுப்பு இருந்தது. தீ எரிவது ஒரு வாயில்தான். உள்துளை வழியாக அனல் பக்கத்தில் உள்ள கொடி என்ற துணை வாய்க்கும் போகும். முன்னால் சோறு கொதிக்கையில் கொடியில் பருப்பு வெந்துகொண்டிருக்கும், தனி விறகு வேண்டியதில்லை. சோறு வடித்ததும் அம்மாயி கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துவிடுவார். மிஞ்சிய தணலில் பால் காயும். சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும், அதிலும் மீந்தது குப்பைக்குழி வழியாக வெள்ளாமைக் காட்டுக்குப் போய்ச் சேரும். எரித்ததும் பெரும்பாலும் பருத்திமாரும் (காய்ந்த பருத்திச் செடி) தென்னை மட்டையும்தான். அடுப்புக்கென்று மரம் வெட்டியதாக நினைவில்லை. அரிசி கழுவிய நீர் மாட்டுத் தாழிக்கு, பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) குளித்த நீர் வாழைக்கு.

ஆனால் அந்த அடுப்பின் புகையை விழுங்கியவர்கள் பெண்கள். விறகு சுமந்ததும் தண்ணீர் சேந்தியதும் அவர்களே. கேஸ் அடுப்பு வந்த நாளை விடுதலை நாளாக நினைக்கும் பாட்டிகளை எனக்குத் தெரியும். அவர்கள் நினைப்பது சரிதான். "அந்தக் காலம் பொற்காலம்" என்று மேடையில் யாராவது தொடங்கினால், அந்தப் பாட்டிகளையும் பேச விடுங்கள்.

தாத்தாக்களிடம் கவலை இறைத்ததை, அதாவது மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்ததைக் கேட்கச் சொல்லுங்கள். மாடுகள் வடத்தை இழுத்துச் சரிவில் இறங்க, தோல் பறி நீரோடு மேலே வரும். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். அதற்குள் பாய்கிற அளவுதான் வெள்ளாமை, கிணறும் இரவில் ஊறிக்கொள்ளும். 1932இல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவையில் ஆலைகளுக்கு வந்த மின்சாரம் தோட்டத்துக் கிணறுகளுக்கும் வந்தது. மோட்டாருக்குக் களைப்பில்லை. கிணற்றை ஆழப்படுத்தினோம், பிறகு ஆழ்துளை போட்டோம், இன்று ஆயிரம் அடியைத் தாண்டியும் நீர் இல்லாமல் புழுதி பறக்கும் இடங்கள் உண்டு. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கூடாது என்று நான் சொல்லவில்லை, உயிரைக் கொடுத்துப் போராடியவர்கள் இந்த மண்ணின் உழவர்கள். ஆனால் நீருக்கு ஓர் அளவு வைத்திருந்த தலைமுறை அந்த அளவை எப்படி அறிந்தது என்பதைப் பிள்ளைகள் அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

மேடைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குப் பிள்ளைகளையே அனுப்புங்கள். கேட்டதை எழுதிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். கவலை ஓட்டிய கைகள் இன்று எண்பதைக் கடந்தவை. அதனால் டிசம்பர் வரை காத்திருக்காமல் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
பல்லடம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்