வரலாற்றுப் பாடநூல் ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், வரலாற்றுப் பாடநூல்களை எழுதியும் பதிப்பித்தும் வரும் குழுவினருக்கும்,

வணக்கம்.

பாடத்திட்டச் சீர்திருத்தம் பற்றி இலங்கை எங்கும் பேசப்படும் இக்காலத்தில், ஆசிரியர் கருத்தரங்குகளில் நான் நெடுங்காலமாகக் கேட்டுவந்த ஒரு மறுமொழியைப் பற்றி உங்களுக்கு எழுத விரும்புகிறேன். இனவாதத்தைக் குறைப்பதில் பாடநூலுக்கு என்ன பங்கு என்று யாராவது கேட்டால், "பாடநூல் யாருக்கும் இனவாதத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை, கலவரமும் குண்டும் போரும் தந்த அனுபவத்தில் வந்தது அது, பட்டவர்கள் மறந்தால்தான் மாறும்" என்று சொல்லி அத்துடன் பேச்சை முடித்துவிடுவார்கள். இந்த மறுமொழியில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி உங்கள் மேசைமேல் இருக்கிறது என்பதே என் கருத்து.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகளே இன்று உங்கள் நூல்களை வாசிக்கின்றனர். மொனராகலையில் படிக்கும் சிங்களப் பிள்ளை ஒரு தமிழ்ப் பிள்ளையோடு ஒரு நாளாவது விளையாடியிருக்க வாய்ப்புக் குறைவு; கிளிநொச்சிப் பிள்ளைக்குச் சிங்களவர் என்றால் பெரும்பாலும் சீருடை அணிந்தவர்கள்தான். ஆயினும் இருவரிடமும் மற்றவரைப் பற்றி உறுதியான அபிப்பிராயங்கள் உள்ளன. அனுபவமே காரணம் என்றால் அனுபவமே இல்லாத இடத்தில் இந்த உறுதி எங்கிருந்து வந்தது?

பிறவியிலேயே வந்தது என்றும் சொல்வதற்கில்லை. பிறந்து சில நாள்களேயான குழந்தைகள் தம் இனத்தவர் முகம், பிற இனத்தவர் முகம் என்று பார்த்து ஒன்றை விரும்பி நோக்குவதில்லை. மூன்று மாதமாகும்போது தம் இனத்தவர் முகத்தை நெடுநேரம் பார்க்கத் தொடங்குகின்றன என்று 2005 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, இஸ்ரேலில் இரு நிற மக்களையும் அன்றாடம் பார்த்து வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு தோன்றவில்லை என்று காட்டியது. பழகிய முகத்தை விரும்புவது வெறுப்பு ஆகாது என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தச் சிறு விருப்பம்கூடக் குழந்தையைச் சுற்றி யாரை வைத்தோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1997 இல் வெளியிட்ட ஆய்வு நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் வகுப்புப் பிள்ளைகளுக்கு மஞ்சள், நீலம் என இரு நிற மேற்சட்டைகளைக் கொடுத்தனர். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் நிறத்தைப் பொருட்படுத்தவே இல்லை. அங்கே பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வேறு வகுப்புகளில் ஆசிரியர்கள் நிறத்தின்படி பிள்ளைகளை இருத்தியும் வரிசைப்படுத்தியும் பெயர் சொல்லி அழைத்தும் வந்தனர். எந்த நிறத்தையும் யாரும் இழிவாகப் பேசாமலே, தம் நிறத்தவரே மேலானவர் என்ற எண்ணம் அங்கு வளர்ந்தது. நாமோ மேற்சட்டைக்குப் பதிலாகப் பாடசாலையையே பிரித்து வைத்திருக்கிறோம். தாய்மொழியில் கற்பதை நான் குறை சொல்லவில்லை. அது பிள்ளையின் உரிமை. ஆனால் சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற பிரிவு, எவரும் வாய் திறக்காமலே நாள்தோறும் நடத்தும் ஒரு பாடம் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இனி, பட்டவர்களின் அனுபவத்துக்கு வருகிறேன். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பில் வீடிழந்தவர்களிடம் உங்கள் பயம் கற்பிக்கப்பட்டது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே கிழமையில் தமிழர் பலரைத் தம் வீட்டு அறைகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களும் சிங்களவரே. இரண்டும் நேரில் கண்ட அனுபவம்தான். ஆனால் பின்னாளில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, எரித்தவன் "சிங்களவன்" ஆகிறான், காத்தவர் "நல்ல மனுசன்" ஆகிறார். தீமை இனத்தின் கணக்கிலும் நன்மை தனியாளின் கணக்கிலும் எழுதப்படுகின்றன. பஸ்ஸில் வெடித்த குண்டில் உறவினரை இழந்த சிங்களக் குடும்பத்திலும் கணக்கு எழுதும் முறை இதுவே. நடந்ததைக் கண் பார்த்தது உண்மை; யார் கணக்கில் எழுதுவது என்பதை அந்தக் கண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. இனவாதத்தில் கற்பிக்கப்படும் பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன், இதை எந்தப் பாடத்திலும் தலைப்பிட்டு எழுத வேண்டிய தேவையே இல்லை.

தமிழராகிய நாங்களும் இந்தக் கணக்கிலிருந்து விலகியவர்கள் அல்லர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து 70,000 க்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. அதைத் தமிழ் வீடுகளில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று முஸ்லிம் தீவிரவாதிகள் நடத்திய குண்டுவெடிப்புகளுக்குப் பின், அந்தக் கொலைகாரர்களை ஒருநாளும் கண்டிராத முஸ்லிம் கடைக்காரர்களிடம் பொருள் வாங்க மறுத்தவர்களில் தமிழரும் இருந்தனர். எங்கள் வீட்டுப் பாடத்தை எழுதித் தந்தது உங்கள் நிறுவகம் அன்று, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் பொறுப்பில் உள்ள பாடம் ஒன்று இருக்கிறது. அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனும் அவனைப் போரில் வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் இல்லாமல் இந்த நாட்டில் எந்தப் பிள்ளையும் வரலாறு படித்து முடிப்பதில்லை. ஒரு புறம் கடலும் மறு புறம் தமிழரும் இருக்க எப்படிக் கை கால் நீட்டிப் படுப்பது என்று தாய் விகாரமகாதேவியிடம் சிறுவன் துட்டகைமுனு கேட்ட கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகச் சிங்களப் பிள்ளைகள் கேட்டு வளர்கின்றனர். தமிழ்ப் பிள்ளைகளோ முதுமையில் போருக்கு இழுக்கப்பட்டு வீழ்ந்த அரசன் எல்லாளன் என்ற கதையை வீட்டில் கேட்டு வளர்கின்றனர். இரு சாராரும் மூல நூலைத் திறப்பதில்லை. அந்த மூல நூலான மகாவம்சம் என்ற பாளி வரலாற்றுக் காவியம் எல்லாளனைச் சோழ நாட்டிலிருந்து வந்தவன் என்றும், 44 ஆண்டுகள் ஆண்டவன் என்றும், நட்பு பகை பாராமல் நீதி வழங்கியவன் என்றும் கூறுகிறது. பசுவின் கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனைத் தண்டித்த ஆராய்ச்சி மணிக் கதையை, திருவாரூர் மனுநீதிச் சோழனுக்கு நாம் உரியதாக்கும் அதே கதையை, அது எல்லாளனுக்கு உரியதாக்குகிறது. அவன் வீழ்ந்த இடத்தில் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி வழிபாடு செய்வித்ததையும், அவ்விடத்தைக் கடக்கும் அரசர்கள் வாத்தியங்களை நிறுத்தும் வழக்கம் நீடித்ததையும் அதே நூல்தான் சொல்கிறது. இன்னும் ஒன்று: துட்டகைமுனுவின் பத்து மாவீரருள் ஒருவனான நந்திமித்திரன், எல்லாளனின் படைத்தலைவனுக்குச் சகோதரி மகன். மாமன் ஒரு படையிலும் மருமகன் மறு படையிலும் நின்ற போரை இரு இனங்களின் போராகச் சுருக்குவதற்கு எவ்வளவு விட்டுவிட வேண்டியிருந்திருக்கும்!

சங்கடமான வரிகளையும் மறைக்கச் சொல்லவில்லை. போர் முடிந்தபின் இத்தனை உயிர்களைக் கொன்றோமே என்று வருந்திய மன்னனிடம், கொல்லப்பட்டவர்களில் ஒன்றரைப் பேரே மனிதர், ஏனையோர் பௌத்த நெறியை ஏற்காதவர் என்று தேரர்கள் (பௌத்த துறவிகள்) ஆறுதல் கூறியதாக அந்நூல் எழுதுகிறது. மேல் வகுப்புகளில் இப்பகுதியை வைத்து, இதை எழுதியவர் யார், எத்தனை நூற்றாண்டு கழித்து, எந்த நோக்கத்தில் எழுதினார், மன்னனின் வருத்தத்தையும் ஏன் மறைக்காமல் விட்டார் என்று பிள்ளைகளைக் கேட்கவைத்தால், அதற்கு ஈடான வரலாற்றுப் பயிற்சி வேறில்லை. நம் பிள்ளைகளால் அதைத் தாங்க முடியாது என்று அஞ்சுவோர் உண்டு. தாங்க முடியாதவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே.

நூலைத் திருத்துவது மட்டும் போதாது. வெவ்வேறு குழுவினர் சேர்ந்து பழகினால் பகைமை குறையும் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 இல் விதித்த நிபந்தனைகள் இன்றும் பேசப்படுகின்றன: சரிசமமான நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு. 2006 இல் பெட்டிகுரூ, டிராப் என்ற இரு உளவியலாளர்கள் 500 க்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, அந்நிபந்தனைகள் முழுதாக நிறைவேறாத இடங்களிலும் பழக்கம் முற்சாய்வைக் குறைப்பதையும், நிறைவேறிய இடங்களில் கூடுதலாகக் குறைப்பதையும் கண்டனர். நாம் நல்லிணக்கம் என்ற பெயரில் நடத்துவதோ, தெற்கிலிருந்து ஒரு பஸ் பிள்ளைகளை வடக்கே கொண்டுவந்து, மாலை போட்டு, இரு மொழியிலும் ஒரு பாட்டுப் பாடவைத்து, படம் எடுத்து அனுப்பிவிடுவது. தவணை முழுதும் ஒரே விஞ்ஞானச் செயற்றிட்டத்தை இரு பாடசாலைகள் சேர்ந்து செய்து, ஒரே புள்ளியைப் பெறும் ஏற்பாடு அதைவிடச் செலவு குறைந்தது. இரண்டாம் தேசிய மொழிப் பாடத்தை அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் ஒருவர் கற்பித்தால், பல பிள்ளைகளுக்கு அவரே வாழ்வில் முதலில் பழகும் மற்ற இனத்தவராக இருப்பார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. தரம் 6 முதல் 11 வரையான வரலாற்று நூல்களின் வரைவைச் சிங்கள, தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் ஒரே மேசையில் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து எழுத வேண்டும். ஒரு மொழியில் எழுதி முடித்தபின் மற்ற மொழியினரை மொழிபெயர்க்க மட்டும் அழைக்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். எல்லாளன் பற்றிய பாடத்தில் மூல நூலின் பகுதிகள் இரு மொழி நூல்களிலும் ஒரே அளவில் இடம்பெற வேண்டும். 1956, 1958, 1983, 1990 ஆகிய ஆண்டுகளில் நடந்த இனக்கலவரங்களும் வெளியேற்றமும், காப்பாற்றியவர்களின் சாட்சியங்களோடு, மேல் வகுப்பு நூல்களில் வர வேண்டும். அச்சுக்குப் போகுமுன் அந்த வரைவுகளை ஆசிரியர்களும் பெற்றோரும் வாசித்துக் கருத்துச் சொல்லும்படி வெளியிட வேண்டும். இவற்றுள் ஏதேனும் முடியாது என்றால், எது, ஏன் என்பதை மூன்று மொழிகளிலும் எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்