எல்லை வேறு, ஊர்க்காரர்கள் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்கத்தாவிலிருந்து சீனாவின் குவாங்சோ நகரத்துக்கு 2025 அக்டோபரில் நேரடி விமானம் மறுபடி தொடங்கியது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும், அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். "அந்த நாட்டுக்கு நாம் எதற்குப் போக வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "சைவம் சாப்பிடுபவர்கள் போனால் பட்டினிதான்" என்று இன்னொருவர். நான் சைவம்தான். அங்கே சில மாதம் தங்கி, எடை கூடித்தான் திரும்பினேன்.

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 2018 செப்டம்பரில் ஒரு தன்னார்வ அமைப்பு மூலமாக தென்சீனாவின் குவாங்ஷி பகுதியில் உள்ள கோங்செங் மாவட்டத்துக்குப் போனேன். குயிலின் நகரத்துக்குத் தென்கிழக்கே, யாவ் இன மக்கள் நிறைய வாழும் மலைப்பாங்கான ஊர். கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குவது என் வேலை. சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு.

நான் தங்கியது ஒரு பாட்டி வீட்டில். மகனும் மருமகளும் பக்கத்து மாகாணமான குவாங்தோங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தார்கள், பேரன் மட்டும் பாட்டியோடு. வகுப்பில் பல பிள்ளைகளுக்கு இதே நிலைதான். சீனப் புத்தாண்டுக்குத்தான் அப்பா அம்மா முகத்தைப் பார்ப்பார்கள்.

ஓட்டலில் தங்காத வெளிநாட்டுக்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். போன மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் தோட்ட வேலையைப் போட்டுவிட்டு, மின்சார ஸ்கூட்டரில் என்னை அழைத்துப் போனார். கையில் தாள் கிடைக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

சாப்பாட்டு விஷயம்தான் பெரிய விஷயம். அந்தப் பக்கம் "கறி வேண்டாம்" என்றால் பெரிய துண்டுகளை ஒதுக்கிவிட்டுக் கொத்துக்கறியை விட்டுவைப்பார்கள். சமையலுக்குப் பல வீடுகளில் பன்றிக் கொழுப்புதான். கைப்பேசி மொழிபெயர்ப்பில் என் பாடு புரிந்ததும், பாட்டி மறுநாளே எனக்கென்று ஒரு வாணலியை ஒதுக்கி, கடலை எண்ணெய் வாங்கி வந்துவிட்டார். ஒருநாள் பேரன் அவசரத்தில் கறிக்குழம்புக் கரண்டியை என் வாணலியில் போட்டுவிட்டான். பாவம், வாங்கிக் கட்டிக்கொண்டான். பாட்டி அத்தனையையும் கொட்டிக் கழுவி, முதலிலிருந்து சமைத்தார்.

அந்த ஊர் எண்ணெய்த் தேநீர் பேர்பெற்றது. தேயிலை, இஞ்சி, பூண்டு மூன்றையும் இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு வதக்கி, அந்தச் சட்டியிலேயே மரத்தடியால் இடித்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு வடிகட்டுவார்கள். மேலே வறுத்த கடலையும் வெங்காயத்தாளும் அரிசிப் பொரியும். ஆமாம், நம்ம ஆயுத பூஜைப் பொரி மாதிரியேதான். முதல் கிண்ணம் வேப்பிலை போலக் கசந்தது. ஆனால் கிண்ணம் காலியாகக் காலியாகப் பாட்டி ஊற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாவதில் கசப்பு பழகிவிட்டது.

எல்லாமே இனிப்பு என்று சொல்ல மாட்டேன். சந்தையில் முன்பின் தெரியாத பெண்கள் சேலையைத் தொட்டு இழுத்துப் பார்த்தார்கள். ஓய்வூதியம் எவ்வளவு, வீட்டுக்காரரைத் தனியே விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்ற விசாரணை வேறு. (நம் ஊர் ரயிலில் கேட்காததா?)

2020 ஜூனில் லடாக் எல்லையில், கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேரை இழந்தோம். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, இன்னும் ஆறவில்லை. அதே மாதக் கடைசியில், சீனர்கள் செய்தி அனுப்பிக்கொள்ளும் வீசாட் செயலி இங்கே தடையானது. அதுவரை பேரன் அதில் ஆங்கிலத்தில் பேசிப் பதிந்து அனுப்புவான், பின்னால் பாட்டி எதையோ சொல்லச் சொல்லி அவனை அதட்டுவது கேட்கும். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அரசாங்கம் தடை போட்டது சரியா தவறா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அந்தப் பாட்டிக்கும் கல்வானுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதல் கடிதம் எழுதியவரைக் கேட்கிறேன்.

இங்கே நாம் என்ன செய்தோம்? அதே 2020-ல், சீனர்களே அல்லாத நம் வடகிழக்கு மாநிலப் பிள்ளைகளை, முகத்தைப் பார்த்து "கொரோனா" என்று தெருவில் கூப்பிட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து சீனர்களுக்கு இந்தியா மறுபடியும் சுற்றுலா விசா கொடுக்கிறது. 2019-ல் அவர்கள் அதிபரே வந்துபோன மாமல்லபுரத்துக்குச் சிலராவது வருவார்கள். அவர்களிடம் ஆட்டோவுக்கு மூன்று மடங்கு கேட்காமல், வழி கேட்டால் நின்று சொன்னால் போதும். பாட்டி அளவுக்கு யாரும் வாணலி வாங்க வேண்டாம்.

போக நினைக்கும் இளைஞர்களுக்கு உங்கள் இதழ் விவரமாக ஒரு கட்டுரை வெளியிடலாம். சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வ வேலை பார்க்கக் கூடாது, அதற்கு உரிய விசா வாங்க வேண்டும் என்பதை முதலில் போடுங்கள். தென்சீனாதானே என்று ஸ்வெட்டர் எடுக்காமல் போக வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் அந்தக் கிராமத்து வீடுகளில் மேசைக்கடியில் கரிச்சட்டி வைத்துத்தான் கால் காய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
பாளையங்கோட்டை.