கூட்டை விட்டுக் கழன்ற பவளம் செத்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கடல்மீன் தொட்டிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, சுண்ணாம்புக் கூடு கட்டும் கல்பவள வகையான டார்ச் பவளம் 'கரைந்துவிட்டால்' உடனே எடுத்து எறிந்துவிடும்படி அறிவுறுத்துகிறது. அழுகிப்போன பவளத்துக்கு அது பொருந்தும். ஆனால் கூடவே அச்சான படத்தில், சதை குலையாமல், விரல் போன்ற நீட்சிகள் விரிந்தபடி, சுண்ணாம்புக் கூட்டை விட்டுக் கழன்று மிதந்த பாலிப், அதாவது கூட்டுக்குள் வாழும் மெல்லுடல் உயிரி, உயிரோடுதான் இருந்தது.

சூழல் தாங்க முடியாததாகும்போது, பாலிப்புகள் கூட்டோடு ஒட்டியிருக்கும் பிடியை விட்டுத் தனித்தனியே வெளியேறுவது உண்டு. தொட்டி வளர்ப்போர் 'பெயில் அவுட்' என்று சொல்லும் இதைச் சம்மார்கோ என்ற ஆய்வாளர் 1982ஆம் ஆண்டிலேயே விவரித்து, அவ்வாறு வெளியேறியவற்றுள் சில வேறிடத்தில் ஒட்டிக்கொண்டு புதுக் கூடு கட்டத் தொடங்கியதையும் பதிவு செய்தார். 2016இல் வெளியான ஓர் ஆய்விலோ, பவளத் துண்டுகள் இருந்த கடல்நீரை மெல்ல ஆவியாகவிட்டு, உப்பைக் கூட்டியே பாலிப்புகளை வேண்டுமென்றே பிரித்தெடுத்தார்கள்.

குளிர்சாதனம் ஓடும் நம் அடுக்குமாடி வீடுகளில், மூடியில்லாத தொட்டியில் நடப்பதும் பெரும்பாலும் அதுவே. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. குறைந்த அளவை உப்புநீரால் நிரப்புபவர்கள் நிலைமையை மேலும் கெடுக்கிறார்கள். நிரப்ப வேண்டியது சுத்திகரித்த நன்னீர். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற அளவைத் தாண்டிய உப்பையும் ஒரே மூச்சில் குறைத்துவிடாமல், சிறிது சிறிதாகவே இறக்க வேண்டும், ஏனெனில் திடீர் மாற்றமும் பவளத்துக்கு அதிர்ச்சிதான். வெப்பம் ஏறுவதும் நீரின் காரத்தன்மை சட்டென்று மாறுவதும் இதே விளைவைத் தரக்கூடும்.

கழன்ற பாலிப்பைத் துளையிட்ட பெட்டியில் இட்டு மெல்லிய நீரோட்டத்தில் விடலாம். டார்ச் வகையில் அது மறுபடி ஒட்டிக்கொள்வது அரிது என்பதால் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு நீரைச் சோதிக்காமல் இருந்தால், அதே தொட்டியில் எஞ்சியுள்ள பவளங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடக்கூடும். கட்டுரை இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

தங்கள் இணையப் பதிப்பைத் தமிழகத்திலும் படிக்கிறார்கள். இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அங்குள்ளவர்கள் இவற்றை வாங்கி வளர்க்கக் கூடாது என்ற குறிப்பையும் திருத்தத்தோடு சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்