பூம்பாறை ஜீப் அண்ணனுக்கும் இன்னும் சிலருக்கும்

போதையிலிருந்து என்னை மீட்டவர்களுக்கு நன்றி சொல்ல எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் ஜீப் அண்ணன். கொடைக்கானல் மழைக்கு முளைக்கிற போதைக் காளானைத் தேனில் ஊறவைத்து ஒருவர் விற்றார். தின்று அரை மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு வாய் போட்டேன். அப்புறம் பைன் மரங்கள் மூச்சுவிட ஆரம்பித்தன. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்தில், நான் செத்துவிட்டதாக நம்பிப் பள்ளத்துப் பக்கம் நடந்தேன். அண்ணன் தன் மஃப்ளரை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டார். "குளிருதுல்ல தம்பி? செத்தவனுக்குக் குளிருமாடா?" விடியும்வரை இதையேதான் சொன்னார். வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். சென்னை வந்ததும் எல்எஸ்டி ஸ்டாம்ப், அதாவது நாக்கில் வைக்கிற போதைத் தாள். இன்று போட்டால் நாளைக்கு அவ்வளவாக ஏறாது, உடம்பு அதற்குள் பழகிவிடும். இடைப்பட்ட நாட்களுக்குக் கஞ்சா. வேலை போனது. அக்காவின் வளையல் அடகுக்குப் போனது.

ஸ்டாம்பை நிறுத்திய பிறகும் கண் அடங்கவில்லை. ஓடும் பஸ்ஸுக்குப் பின்னால் வெளிச்சம் வால்போல இழுபடும். மொசைக் தரை நெளியும். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் இரவு 2 மணிக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தேன். எடுத்தவர் அவசரமே காட்டாமல் கேட்டார். அந்தக் குரலுக்கு நன்றி.

அரசு மருத்துவமனை டாக்டர் அம்மாவுக்கும். "தரை நிஜமா நெளியலன்னு உனக்கே தெரியுதுல்ல? அப்ப இது பைத்தியம் இல்ல" என்றார். மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்துக்கான பூட்டில் இந்தப் போதை கள்ளச்சாவிபோல நுழைகிறதாம். நிறுத்திய பின்னும் சிலருக்குப் பார்வையில் இப்படித் தங்கிவிடுமாம். கஞ்சா அதைக் கிளப்பிவிடலாமாம். குடிகாரனுக்கு வருகிற கைநடுக்கம் ஸ்டாம்புக்கு வராது, அதனால் நான் அடிமை இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். "கஞ்சாவுக்கு? வீட்ல சொல்ற பொய்க்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

போதையை விட முயல்கிறவர்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்து நண்பர்களே, இரண்டு முறை சறுக்கி வந்தபோதும் "டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அக்கா, தரை இப்போதும் எப்போதாவது நெளிகிறது. "எந்தப் பக்கம்டா?" என்று கேட்டு, அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாய். அடகுச் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. தீபாவளிக்குள் மீட்டுவிடுவேன்.