நீர் கொதித்த இடம்

அன்பு மகளுக்கு,

ஜப்பானின் ஹிஷிகாரி தங்கச் சுரங்கத்தில், துளையிட்டு எடுத்த உருளைக் கற்களான கோர்களை அடுக்கிய பெட்டிகளை நாள் முழுவதும் பார்த்தும் தங்கம் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தாய். அங்கே அது எலெக்ட்ரம் என்னும் தங்க வெள்ளிக் கலவையாக, மிக நுண்ணிய துகள்களாகவே கிடக்கிறது. குவார்ட்ஸ் என்னும் வெள்ளைப் படிகக் கல்லுக்குள் மையால் கோடிழுத்ததுபோல் ஓடும் கருவரிகளில்தான் அது செறிந்திருக்கும். எனவே மஞ்சள் மினுக்கத்தைத் தேடாதே. நீர் கொதித்த இடத்தைத் தேடு.

அடியில் இருப்பவை, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் படிந்து, பின்னர் கண்ட விளிம்பில் நெருக்குண்ட ஷிமாந்தோ என்னும் படிவுப் பாறைத் தொகுதியின் மணற்கல்லும் களிக்கல்லும். அவற்றின்மேல் ஆண்டிசைட் எரிமலைப் பாறை. சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இரண்டையும் பிளந்த வெடிப்புகளின் வழியே ஏறிய சுமார் 200 டிகிரி வெந்நீரில், தங்கம் கந்தகத்தோடு பிணைந்தே கரைந்து வந்தது. அழுத்தம் குறைந்து நீர் கொதித்தபோது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகப் பிரிந்துபோக, துணையிழந்த தங்கம் அங்கேயே படிந்துவிட்டது. இன்றும் 65 டிகிரி வெந்நீரை இறைத்துக்கொண்டேதான் அங்கே வேலை நடக்கிறது என்பது எனக்குப் பெருவியப்பு.

கோலாரில் நான் பார்த்தவை 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய நரம்புகள், அதாவது வெடிப்புகளில் கனிமம் படிந்து நிரம்பிய பட்டைகள். அவற்றைப் பின்தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். உன் சுரங்கத்தில் அப்படி ஆழத்தை நம்ப முடியாது. கொதிநிலை எட்டிய சில நூறு மீட்டர் உயரத்துக்குள்ளேயே செல்வம் முடிந்துவிடுகிறது. ஆனால் டன்னுக்கு 30 முதல் 40 கிராம் வரை கொடுத்த செல்வம் அது.

ஷிமாந்தோ படிவுப் பாறையை வெறும் அடித்தளம் என்று ஒதுக்கிவிடாதே. அது மேடாக உயர்ந்திருப்பதை ஈர்ப்பு அளவீடும், வெந்நீரால் களிமண்ணாக மாறிய பாறையைக் குறைந்த மின்தடையும் காட்டிக்கொடுத்ததால்தான் 1981-இல் அங்கே துளையிட்டார்கள். 15 சென்டிமீட்டர் நரம்பில் டன்னுக்குச் சுமார் 290 கிராம் கிடைத்தது. ஆண்டிசைட்டும் ஷிமாந்தோவும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே வளமான பகுதிகள் இருப்பதால், ஒவ்வொரு நரம்பும் அந்த எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் மேலே அல்லது கீழே என்று தவறாமல் எழுது.

தகடு தகடாக வளர்ந்த கால்சைட் என்னும் சுண்ணக் கனிமத்தின் வடிவத்தைக் குவார்ட்ஸ் அப்படியே ஏற்றிருந்தால், அது கொதித்ததற்கான தடயம். அருகே அடுலேரியா என்னும் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் உண்டா என்று லென்ஸில் பார். அறுப்பதற்கு முன் கோரைத் தண்ணீரால் நனைத்துக்கொள். உலர்ந்த கல்லில் கருவரிகள் மங்கித் தெரியும்.

அன்புடன்,
அப்பா