அந்தக் கயிற்றை இழுத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் கழித்து உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் படித்தேன். மக்களிடம் தேசபக்தி குறைந்துவிட்டதாம். சுதந்திரத்தின் 75-ம் ஆண்டு நிறைவுக்காக 2022-ல் வீட்டுக்கு வீடு பறந்த கொடி இப்போது தெருவுக்கு நான்குகூட இல்லையாம். கொடி ஏற்றாத வீட்டுக்கு ரேஷனை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமாம். கோபத்தில் எழுதியிருப்பார், விடுங்கள். கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பியது தவறு என்று 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரேஷன் கார்டில் கை வைத்தால் நீதிமன்றம் என்ன சொல்லும் என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

நான் எழுத வந்தது வேறு. கொடியை வைத்துத்தான் தேசபக்தியை அளப்பது என்றால், எனக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

நான் ஊராட்சி எழுத்தராகச் சேர்ந்து, ஊராட்சிச் செயலராக ஓய்வு பெற்றவன். 1988 முதல் 2019 வரை, ஆண்டுக்கு இரண்டு தடவை என்று வைத்தாலே 60 தடவைக்கு மேல் கொடி கட்டியிருக்கிறேன். அதில் வெளியே தெரியாத வேலைகள் நிறைய உண்டு. முதல் நாளே கொடிமேடைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கம்பத்து உச்சியில் இருக்கிற கப்பி வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்திருக்கும். மரம் ஏறத் தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்து எண்ணெய் விடச் சொல்ல வேண்டும். கொடியை விரித்து, காவி மேலே வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்து, நடுவில் செவ்வந்தி இதழ்களைக் கொட்டி மடித்து, ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இறுகிவிட்டால் போச்சு, ஊரே அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும். சுதந்திர தினத்தன்று கொடியைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும், குடியரசு தினத்தன்றுதான் உச்சியில் கட்டி வைத்து அவிழ்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே முறைதான். பூ விழவில்லையென்றால் கொடியேற்றியதாகவே பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டுக் கயிற்றின் நுனியை ஒருவர் கையில் கொடுக்க வேண்டும் அல்லவா, பிரச்சினை அங்கேதான்.

2006 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தவர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு அம்மா. துணைத்தலைவர் எங்கள் வகையறா, எனக்குச் சித்தப்பா முறை. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும். சித்தப்பாவிடம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குவேன். அப்புறம் காசோலைப் புத்தகத்தோடு காலனிக்குப் போய், வாசலிலேயே நின்றுகொண்டு, "இந்தா, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்பேன். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் சம்பளம் வாங்குகிற ஊராட்சிக்குத் தலைவர். ஆனாலும் வாயில் 'போடு' என்றுதான் வந்தது. அவர் என்னை 'அய்யா' என்பார்.

2007 ஆகஸ்ட் 15, சுதந்திரம் வந்து 60 ஆண்டு நிறைவு. கொஞ்சம் விமரிசையாகச் செய்யலாம் என்று இருந்தோம். 14-ம் தேதி சாயங்காலம் சித்தப்பா கூப்பிட்டு அனுப்பினார். "நாளைக்குக் கொடிய நான் ஏத்திக்கிறேன். அந்தப் பொம்பள முட்டாய் குடுக்கட்டும். நீ பக்குவமாச் சொல்லிடு."

பக்குவமாகச் சொல்வதில் எனக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. காலனிக்குப் போய், "கப்பி மக்கர் பண்ணுது. நாலு பேரு முன்னால அவுறலைன்னா உனக்குத்தான் அசிங்கம்" என்றேன். கப்பிக்கு அன்று மத்தியானம்தான் எண்ணெய் விட்டிருந்தோம்.

மறுநாள் காலை புதுச்சேலை கட்டி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பிள்ளை எண்ணெய் வைத்துச் சீவி, ரிப்பன் கட்டி, சட்டையில் கொடி குத்தியிருந்தது. கொடிமேடைக்குப் பக்கத்தில் சித்தப்பா, தலைமையாசிரியர், வார்டு உறுப்பினர்கள் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "நான் எங்க நிக்கட்டுங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மிட்டாய்ப் பையைக் கையில் கொடுத்தேன்.

சித்தப்பா கயிற்றை இழுத்தார், பூ விழுந்தது. எல்லாரும் கை தட்டினோம். இந்தியர் அனைவரும் உடன்பிறந்தவர்கள் என்று பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள், அந்த அம்மாவின் மகளும்தான். அவள் பையிலிருந்த பாடப்புத்தகத்தைத் திறந்தால், தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று மூன்று வரி இருக்கும். நாமெல்லாரும் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமல் போய்விட்ட மூன்று வரி.

முடிந்ததும் பதிவேட்டில் "ஊராட்சித் தலைவர் அவர்கள் தேசியக் கொடியை ஏற்றிவைத்துச் சிறப்பித்தார்" என்று எழுதினேன். நேரில் 'போடு', எழுத்தில் 'அவர்கள்'. கையெழுத்து வாங்கப் போனபோது அந்த வரியை அவர் வாசித்துப் பார்த்தார். சரளமாக வாசிக்கத் தெரிந்தவர். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பயத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். காரணம் இல்லாமலும் இல்லை. ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் ஜெயித்ததற்காக, மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்று இதே மாதிரி ஒதுக்கப்பட்ட நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்து வருஷம் ஒழுங்காக ஒரு தலைவரை உட்கார வைக்க முடியவில்லை. எங்கள் ஊரில் தேர்தல் நடந்த அதே 2006 அக்டோபரில்தான் அங்கேயும் முறையாக நடந்தது. ஆனால் எனக்கு இருந்தது பயம் இல்லை. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்கிற சங்கடம். அவ்வளவுதான்.

ஒரு கயிற்றை யார் இழுத்தால் என்ன, கொடி பறக்கிறதா இல்லையா என்று சிலர் கேட்கலாம். சித்தப்பாவும் அப்படித்தான் கேட்டார். சென்னைக் கோட்டையில் 1973 வரை சுதந்திர தினத்தில் கொடி ஏற்றியவர் ஆளுநர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் கூடவே நின்று வணக்கம் வைப்பார். இது சரியில்லை என்று கலைஞர் டெல்லிக்கு எடுத்துச் சொல்லித்தான் 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். அன்றைக்கு யாரும் கயிறுதானே என்று சொல்லவில்லை, தமிழ்நாடே பெருமைப்பட்டது. எங்கள் சித்தப்பா மேடையில் இதைச் சொல்லிப் பேசியே நான் கேட்டிருக்கிறேன். கோட்டையில் புரிந்த நியாயம் எங்கள் கொடிமேடை வரை வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அம்பேத்கரின் அரசியல் நிர்ணய சபைப் பேச்சுகளைத் தமிழில் படித்தேன். 1948 நவம்பர் 4-ம் தேதிப் பேச்சில் கிராமத்தை அறியாமையின் குகை, குறுகிய புத்தியின் இடம் என்கிற பொருளில் போட்டுத் தாக்கியிருந்தார். 31 வருஷம் கிராம ஊராட்சியில் குப்பை கொட்டியவன் நான். சுருக்கென்று வந்தது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து எடுத்தபோது 1949 நவம்பர் 25-ம் தேதிப் பேச்சு வந்தது, அரசியல் சட்டம் ஏற்கப்படுவதற்கு முதல் நாள் பேசியது. அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்கிற முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்கிறார். இந்தியாவில் சாதிகள் இருக்கின்றன, அவை தேசத்துக்கு விரோதமானவை என்கிறார். 'தேச விரோதம்' என்ற வார்த்தையை இன்றைக்கு யார் யார்மேலோ எறிகிறோம். அவர் அதைச் சாதியின் மேல் வைத்தார், அதுவும் அந்தச் சபைக்குள்ளேயே நின்று. மூவர்ணக் கொடியை 1947 ஜூலை 22 அன்று ஏற்றுக்கொண்டதும் அதே சபைதான். கொடியை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். 2022-ல் 25 ரூபாய்க்குத் தபால் ஆபீசில் கிடைத்ததும் கொடி மட்டும்தானே.

சரி, எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2008-லும் 2009-லும் இதே கூத்துதான். 2010 குடியரசு தினத்தன்று கிராம சபைக்குப் பார்வையாளராக பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) வந்தார். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கி, கொடிமேடையைப் பார்த்து, "தலைவர் யாருங்க?" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் மிட்டாய்ப் பையோடு நின்றவரை யாரோ காட்டினார்கள். "வாங்கம்மா, நேரமாச்சு, ஏத்துங்க" என்றார்.

அவ்வளவுதான். சித்தப்பா இரண்டடி நகர்ந்துகொண்டார். அந்த அம்மா பையை மகளிடம் கொடுத்துவிட்டு வந்தார். கிணற்றில் நீர் இறைத்துப் பழகிய கை, ஒரே சுண்டு. நான் கட்டிய எந்த முடிச்சும் அவ்வளவு சுத்தமாக அவிழ்ந்ததில்லை. செவ்வந்தி இதழ் நாலைந்து அவர் தலையிலேயே ஒட்டிக்கொண்டது. ஊரில் கலவரம் ஒன்றும் வரவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை மூன்று மாதம் நிறுத்தினார், பிறகு வழக்கம்போல வந்தார்.

அந்த அதிகாரி சட்டப் பிரிவு எதுவும் சொல்லவில்லை, அதட்டவில்லை. 'வாங்கம்மா' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை மூன்று வருஷமாக என் வாயிலும்தான் இருந்தது. அன்றிலிருந்து நானும் அவரை 'வாங்க' என்றுதான் கூப்பிட்டேன். முதல் தடவை சொன்னபோது அவர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல், தனி அலுவலர்தான் எல்லாம். கொடியையும் அவர் தரப்பில் வந்தவர்தான் ஏற்றினார். ஒரு வருஷம் வந்தவர் அந்த அம்மாவின் சமூகத்தைச் சேர்ந்தவர், அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் முகம் சுளிக்கவில்லை. சித்தப்பாவே மாலை வாங்கி வைத்திருந்தார். சர்க்கார் அனுப்பி மேலேயிருந்து வந்தால் சம்மதம். நம் ஊர்க் காலனியிலிருந்து, நாமே ஓட்டுப் போட்டு, எழுந்து வந்தால்தான் தாங்க முடியவில்லை.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரை அவர் கடமையைச் செய்ய விடாமல் தடுத்தால் அது வன்கொடுமைக் குற்றம் என்று சட்டத்தைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், 2020-ல், திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் வந்து நின்று ஏற்ற வைத்தார். 2022 சுதந்திர தினத்துக்கு முன்னால், பட்டியல் சாதித் தலைவர்கள் தடையில்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு கொடி பறந்ததாக அந்த வாசகர் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கிறாரே, அதே ஆகஸ்ட்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்றும் ஜனவரி 27 அன்றும் ஒரு பக்கம் நிறைய ஊராட்சிக் கொடியேற்றப் படங்கள் போடுகிறீர்கள். "கொடியேற்று விழா நடந்தது" என்று மட்டும் அடியில் போடாமல், ஏற்றியவர் யார், தலைவர் யார், இருவரும் ஒருவர்தானா என்று உங்கள் பகுதி நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். என்னைப் போன்ற செயலர்கள் எழுதிக் கொடுப்பதை அப்படியே வாங்கிப் போட வேண்டாம்.

அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க, பேரு மட்டும் போடாதீங்க" என்றார். என் பெயரைப் போட்டால் அவர் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். பதிவேடு ஊராட்சி அலுவலக பீரோவில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. 15.8.2007 தேதியிட்ட பக்கத்தை அடித்துத் திருத்தலாமா என்று ஓய்வு பெறுகிற அன்று எடுத்துப் பார்த்தேன். அடிப்பதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. எழுதியதற்கும் இருந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர் ஒருவர்